ஞாயிற்றுக்கிழமை நாயோடை வெளியிலை போனால் என்ன குற்றம்?

பாமன்கடையில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம். இருபது வீடுகள். அதில் பதினேழில் தமிழ்ச் சனம். போன மாதம் அதன் லிஃப்ற்றுக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்தில். அதன் சாரம் இதுதான்: நாய், பூனை வைத்திருப்பவர்கள் மாத முடிவுக்குள் அவற்றை அகற்றிவிட வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் நாய் இருப்பது ஒரே ஒரு வீட்டில்தான். நாலாம் மாடி. எங்கள் குழுவில் எழுதுகிற ஒரு தோழியின் வீடு. நாயின் பேர் ஜிம்மி.

ஜிம்மி யாரையும் கடித்தானா எண்டு கேட்டோம். இல்லை. படிக்கட்டை அசுத்தம் செய்தானா? இல்லை. குரைப்பானா? காஸ் சிலிண்டர் கொண்டு வாற பெடியனைக் கண்டால் மட்டும். பிறகேன் இந்த அறிவித்தல்? கொமிற்றியில் இருக்கிற ஓர் அங்கிள் வாய்திறந்து சொன்ன காரணம் இது: "நாய் வளர்க்கிறது உங்கட விருப்பம். வீட்டுக்குள்ளை வைச்சு வளருங்கோ. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலமை கிழவி, குஞ்சு குருமான் எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு நாயோடை ஊர்வலம் போறியள். பாக்கிறவை என்ன நினைப்பினம்?"

ஆக, நாயை விடவும் அந்த 'ஊர்வலம்'தான் அவரை உறுத்தியிருக்கிறது. அந்த ஊர்வலத்துக்காகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் அது என்ன ஊர்வலம் எண்டு பார்ப்போம். காலை ஐந்தே முக்காலுக்கு அப்பா, அம்மா, தம்பி, தோழி, அம்மம்மா, ஜிம்மி எல்லாரும் இறங்குவார்கள். பாமன்கடையிலிருந்து கடற்கரை எங்களுக்கு இருபது நிமிட நடை. அம்மம்மாவோடு போனால் முக்கால் மணித்தியாலம். காலி வீதியைக் கடந்து, ஒரு ஒழுங்கையால் இறங்கி, மெரின் டிரைவ் தாண்டி, ரயில் வருகுதா எண்டு இரண்டு பக்கமும் பார்த்துத் தண்டவாளத்தையும் கடந்தால் கடல். வெள்ளவத்தைக் கடற்கரை ஒண்டும் பெரிய அழகில்லை. ஒடுக்கமான மணல், கல்லுக் குவியல், இடைக்கிடை வாய்க்கால் நாற்றம். ஆனால் கல்லிலே இருந்து காலை நீட்டலாம். காசு கேட்க யாரும் வரமாட்டார்கள். ஜிம்மி நண்டுக் குழிகளைத் தோண்டுவான். தம்பி அவனுக்குப் பின்னாலே ஓடுவான். ஏழு மணிக்கு ஒரு பிளேன்ரீ, மாலு பாண், திரும்ப வீடு. ஐந்து பேரின் மொத்தச் செலவு ஒரு சினிமா ரிக்கெட்டுக்கும் வராது.

இவ்வளவுதான். இதற்குத்தான் அறிவித்தல்.

இந்தக் குடும்பம் எப்போதும் இப்படி வெளியிலே போன குடும்பம் அல்ல. அம்மம்மா கொழும்புக்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. கடலுக்கு இருபது நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு அதில் இருபது வருடம் அவ கடலைப் பார்த்ததில்லை. கோயில், ஆஸ்பத்திரி, கலியாண வீடு, செத்த வீடு, அவ்வளவுதான் அவவின் கொழும்பு. சோம்பல் எண்டு நினைக்க வேண்டாம். வந்த காலத்தில் பொலிஸ் பதிவு, இரவிலே கதவு தட்டிச் சோதனை, சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. 2007 யூன் 7 ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. உத்தரவு வந்தாலும் பயம் போகுமா? வெள்ளவத்தையில் ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட பாடம்: தேவையில்லாமல் வெளியிலே நிற்காதே, றோட்டிலே சத்தமாய்த் தமிழ் கதைக்காதே, அடையாள அட்டை இல்லாமல் கேற்றைத் தாண்டாதே.

யுத்தம் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. பாடம் மட்டும் முடியவில்லை. எங்கள் வீடுகளில் இப்பவும் "சும்மா வெளியிலை போறது" என்று ஒன்று இல்லை. எங்கே போறாய், என்னத்துக்குப் போறாய், எத்தனை மணிக்கு வருவாய். போவதற்கு ஒரு அலுவல் இருக்கவேணும். அலுவல் இல்லாமல் போனால் அது 'திரியிறது'.

இந்த வீட்டின் கதவைத் திறந்தது ஜிம்மிதான். 2022 இல் தோழியின் அப்பா பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு காருக்குள் படுத்தார். அப்போது காருக்கு அடியில் வந்து படுத்த தெருக்குட்டி அது. மூன்றாம் நாள் பெற்றோல் கிடைக்கவில்லை, நாய்தான் கிடைத்தது எண்டு வீட்டிலே இன்றைக்கும் பகிடி. குட்டியை நாலாம் மாடியில் வைத்தாயிற்று. ஒண்டுக்கு, ரெண்டுக்கு இறக்கவேணுமே? முதலில் அப்பா தனியாக இறக்கினார். பிறகு தம்பி. பிறகு அம்மா நீரிழிவுக்கு நடக்கச் சொன்ன டொக்டரின் பேச்சை நினைத்துக்கொண்டு. கடைசியில், "நான் மட்டும் வீட்டிலை இருந்து என்ன செய்யிறது" எண்டு அம்மம்மா.

அம்மம்மா போன மூன்றாவது ஞாயிறு நடந்ததை அவசியம் சொல்லவேணும். கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஐயா கிட்ட வந்து, "நம மொகத்த?" என்று கேட்டார். பேர் என்ன என்று. அம்மம்மா விறைத்துப்போனா. தன்ர முழுப் பேரையும் அப்பாவின்ர பேரோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினா. அந்த மனுசனுக்கு ஒண்டும் விளங்கவில்லை. அவர் கேட்டது நாயின்ர பேரை.

தோழி எங்களுக்கு இதைப் பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினாள். பாதியிலே அழுதுவிட்டாள்.

இப்போது அந்த ஐயாவுக்கு ஜிம்மியைத் தெரியும். தூண்டிலில் படுகிற சின்ன மீனை அவனுக்கு எறிவார். அம்மம்மா தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்து அவரோடு முழங்கால் நோ பற்றிக் கதைக்கிறா. எந்த நல்லிணக்கக் கருத்தரங்கிலும் அம்மம்மாவை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டா.

இப்ப அங்கிளின் பக்கத்து நியாயங்களுக்கு வருவோம். அவர் தனி ஆள் இல்லை. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அங்கிள் இருக்கிறார்.

முதலாவது: "இது வெள்ளைக்காரன்ர பழக்கம். எங்கட ஊரிலை ஆர் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்தினது?" உண்மை. யாழ்ப்பாணத்தில் யாரும் நாயை நடத்திக் கூட்டிப்போனதில்லை. ஏன்? அங்கே வளவு இருந்தது. இரண்டு பரப்பு, நாலு பரப்பு, பனை, மா, வேலி. நாய் வளவுக்குள்ளே தன்ர பாட்டிலே ஓடித் திரிந்தது. அந்த வளவை விட்டு, எத்தனையோ காரணத்தால், நாலாம் மாடியில் மூன்று அறைக்குள் வந்து இருக்கிறோம். வளவு போய்விட்டது, றோட்டுத்தான் இருக்கு. நாய்க்கு மட்டுமா? மனுசருக்கும்தான். அம்மம்மா ஊரிலே காலமை எழும்பி முற்றம் கூட்டினவ, கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டோடு கதைத்தவ. அதற்கும் லிஃப்ற்றுக்குள் அறிவித்தல் பார்க்கிறதுக்கும் இடையில் ஒரு கடற்கரை வேண்டாமா? இதில் வெள்ளைக்காரன் எங்கே வந்தான்?

இரண்டாவது: "நாய் அசுத்தம். சாமி அறை இருக்கிற வீடு." இதைச் சொல்கிற ஆட்கள்தான் வைரவருக்கு வடைமாலை சாத்துகிறார்கள். வைரவரின் வாகனம் என்ன? ஊரிலே ஒழுங்கை முடக்கில், மரத்தடியில், ஒரு சூலத்தோடு காவலுக்கு நிற்கிற வைரவர் நாயில்லாமல் நிற்கிறாரா? பாரதம் வாசித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். கடைசிப் பயணத்தில் தம்பிமாரும் திரௌபதியும் விழுந்துபோக, தருமரோடு மிஞ்சி வந்தது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டிட்டு ஏறு, சொர்க்கத்திலே அதற்கு இடமில்லை என்கிறான். நாயை விட்டால் எனக்கும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். பிறகுதான் அந்த நாயே தருமதேவதை எண்டு தெரியவருகிறது. கொமிற்றி அங்கிள்மாரே, அந்தக் கதையிலே நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறியள் எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

மூன்றாவது நியாயத்தைப் பகிடி பண்ண மாட்டோம். "கடிச்சால்?" இது உண்மையான பயம். விசர்நாய்க்கடி நோய் வெளித்தெரியத் தொடங்கினால் பிழைப்பது அரிதிலும் அரிது. இந்த நாட்டில் 1970களின் தொடக்கத்தில் அதனால் ஆண்டுக்கு முன்னூறு பேருக்கு மேல் செத்தார்கள். இன்று அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது எண்டால் அதற்குக் காரணம் நாய்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்தது அல்ல, தடுப்பூசி. நாய்க்கு வருடா வருடம் ஊசி, கடிபட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் உடனே ஊசி. ஊசி போட்ட, பதிவு செய்த, சங்கிலியில் பிடித்த நாய் றோட்டுக்கு வருவதால் ஆபத்துக் கூடுவதில்லை. நாள் முழுக்க பல்கனியில் கட்டிக்கிடந்து, மனுசரையும் மற்ற நாயையும் காணாமல் வளருகிற நாய்தான் ஒருநாள் கதவு திறந்தவுடன் பாயும்.

2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ரொட்வீலர்கள் ஐந்து வயதுப் பிள்ளையைக் கடித்துக் குதறின. அதற்குப் பிறகு அங்கே உரிமம், சங்கிலி, வாய்க்கூடு எண்டு கடுமையாகக் கதைக்கத் தொடங்கினார்கள். கதைக்கவேண்டியதுதான். கடிபட்டது பூங்காக் காவலாளியின் பிள்ளை. நாயின் சொந்தக்காரரின் சுதந்திரத்துக்கு ஏழைப் பிள்ளையின் தலை விலையாக முடியாது. ஆகவே எங்கள் பக்கத்துக்கும் சொல்கிறோம்: சங்கிலி இல்லாமல் நாயை இறக்காதேங்கோ. "எங்கட நாய் ஒண்டும் செய்யாது" என்ற வசனத்தை இண்டையோடு விடுங்கோ. பயப்படுகிற பிள்ளையைக் கண்டால் நீங்கள் மற்றப் பக்கம் மாறுங்கோ. லிஃப்ற்றில் ஆள் நிண்டால் அடுத்த லிஃப்ற்றுக்கு நில்லுங்கோ. சொப்பிங் பை கொண்டு போங்கோ, நாய் இருந்ததை நீங்களே அள்ளுங்கோ. நகரசுத்தித் தொழிலாளி உங்கட நாய்க்கு வேலைக்காரர் இல்லை. இதில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டியள் எண்டால், அங்கிள் ஒட்டின அறிவித்தல் உங்களுக்குச் சரிதான்.

இன்னும் ஒன்று. குளிர் நாட்டு ஹஸ்கியை லட்சக்கணக்கில் வாங்கி வந்து, ஏசி போட்ட அறைக்குள் பூட்டி, படம் எடுத்துப் போடுகிற எங்கட வயசுப் பெடியளே, நீங்களும் இந்தப் பிரச்சினையின் ஒரு பகுதி. கனடா விசா வந்தவுடன் நாயை தெஹிவளைப் பக்கம் எங்கேயோ இறக்கிவிட்டுப் போன ஆட்களையும் எங்களுக்குத் தெரியும். தெருக்குட்டி ஒண்டைத் தூக்கி வளர்க்க மனசில்லாத ஆள் நாய்ப்பிரியர் இல்லை, பொருள்ப்பிரியர்.

நாலாவது நியாயம், "படிக்கிற பிள்ளையள். ஞாயிற்றுக்கிழமை ரியூசன் இருக்கு." தம்பிக்கு ஏழரைக்கு இரசாயனவியல், பத்துக்கு பௌதிகவியல், இரண்டு மணிக்கு மீட்டல் வகுப்பு. அதற்கு முன்னாலே அவனுக்கு மிஞ்சுவது அந்த ஒண்டரை மணித்தியாலம்தான். அதையும் பிடுங்கினால் மார்க்ஸ் கூடும் எண்டு நம்புகிறவர்களோடு எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் அவன் அப்பாவோடு ஆறுதலாய்க் கதைக்கிறான். மற்ற ஆறு நாளும் அவர்களுக்கிடையில் இருப்பது "சாப்பிட்டியா", "வைஃபை போட்டுது".

அங்கிள்மாரைத் திட்டிவிட்டு நகரத்தைச் சும்மா விடமுடியாது. கடற்கரை தவிர்த்து வேறு எங்கே போகலாம் எண்டு இந்தக் குடும்பம் தேடிப் பார்த்தது. ஒரு பூங்காவின் வாசலில் காவலாளி நாயைக் காட்டி, ஏலாது என்றார். நாய் வேண்டாம் எண்டால் எங்கே எழுதியிருக்கு எண்டு கேட்க, அவருக்கே தெரியவில்லை. பாவம், அவருக்கு மேலே யாரோ சொன்னது. பஸ்ஸில் ஏற்றுவார்களா? காலி வீதியில் 100க்கு கை காட்டிப் பாருங்கோ. ஓட்டோக்காரர் பத்துப் பேரில் இரண்டு பேர் சம்மதிப்பார்கள், அதுவும் சீற்றுக்கு மேலே துணி விரித்தால். கார் இல்லாத குடும்பத்துக்கு நாயோடு போகிற இடம், கால் போகிற தூரம்தான்.

இது நாய்க்கு மட்டும் உள்ள கதை இல்லை. வாசலில் நாயைத் தடுக்கிற இடங்கள் வேறு யார் யாரைத் தடுக்கின்றன எண்டு கவனியுங்கோ. ஒண்டும் வாங்காமல் இருக்கிற கிழவி, பந்து கொண்டு வாற பெடியள், பாயோடு வந்து சோத்துப் பார்சல் பிரிக்கிற குடும்பம், எல்லாரும் அதே வாசலில்தான் நிற்பாட்டப்படுகிறார்கள். எங்கட பக்கத்திலேயே, ஹவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு நெசவு மில் இருந்த நிலத்தில் இன்று மாடிவீடுகளும் மோலும் நிற்கின்றன. மில் போய் மோல் வந்தது. மோல் கூடாது எண்டு சொல்ல வரவில்லை, மழைக்கு நாங்களும் போய் ஒதுங்குகிறோம். ஆனால் மோலில் ஒரு குடும்பம் இரண்டு மணித்தியாலம் செலவில்லாமல் இருந்து பார்க்கட்டும். பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும், அப்பா முகம் கறுக்கும், அம்மா "வீட்டை போவம்" என்பா.

காலி முகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். முடித்துவிட்டு, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணுங்கள் எண்டு தனக்குப் பின் வருகிற ஆளுநர்களுக்குக் கல்வெட்டில் எழுதி வைத்தார். அவர் நினைத்த பெண்களும் பிள்ளைகளும் யார் எண்டு எங்களுக்குத் தெரியும், எங்கட பாட்டிமார் அந்தக் கணக்கில் இருந்திருக்க மாட்டினம். ஆனாலும் அந்தத் திடல் மிஞ்சியது. பட்டம் விடவும், இறால் வடை தின்னவும், 2022 இல் ஒரு சனாதிபதியை வீட்டுக்கு அனுப்பவும் சனத்துக்கு ஓர் இடம் இருந்தது. திறந்த வெளி இல்லாத நகரத்தில் சனம் ஒன்றையொன்று எங்கே சந்திக்கும்?

கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் பெற்றது. உலகத்திலே முதல் முதல் அந்தப் பேரை எடுத்த பதினெட்டு நகரங்களில் ஒன்று. பெருமைதான். அந்த ஈரநிலத்தின் வாய்க்கால்கள்தான் எங்கட வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலிலே விழுகின்றன. கரையிலே கொக்கு நிற்கும், கபரகொய்யா வெயில் காயும், பக்கத்திலே பம்பர்ஸ் மிதக்கும். ஈரநிலப் பூங்காவுக்குள் நாய் வரவேண்டாம் எண்டால் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம், பறவைகளின் வீடு அது. ஆனால் வாய்க்கால் கரையோரம் ஒரு நடைபாதை, இரண்டு வாங்கு, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு லைற், இவற்றைக் கேட்பது பேராசையா?

எங்கள் கோரிக்கைகள் சின்னவை. மாடிக் கட்டடங்களில் ஒட்டுமொத்தத் தடை வேண்டாம். ஊசிப் புத்தகம், பதிவு, சங்கிலி, சுத்தம் எண்டு ஒழுங்கு போடுங்கோ, மீறினால் தண்டம் எடுங்கோ. ஒழுங்கை மூன்று மொழியிலும் எழுதுங்கோ. மாநகரசபை, பூங்காக்களில் காலையிலும் பின்னேரமும் சில மணித்தியாலமாவது சங்கிலியில் பிடித்த நாய்க்கு அனுமதி கொடுக்கட்டும்; அனுமதி இல்லாத இடத்தில் அதையும் காரணத்தோடு பலகையில் எழுதட்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதிலே உள்ள தண்டம் இன்னும் நூறு ரூபா, ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது. அதை மாற்றுவதாகச் சொல்லி எத்தனை அரசாங்கம் வந்து போய்விட்டது. அதையும் கேட்போம்.

கடைசியாக அம்மம்மாவிடம் திரும்புகிறோம். அறிவித்தலைத் தம்பி அவவுக்குத் தமிழிலே வாசித்துக் காட்டினான். அவ ஒண்டும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னா. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நடந்த இரவு, வளவிலே கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தவவாம். அது நாவற்குழிப் பக்கம் வரைக்கும் சனத்துக்குள்ளாலே பின்னாலே வந்ததாம். பிறகு காணவில்லை. முப்பது வருடமாய் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மனுசரையே கணக்கெடுக்காத இரவிலே நாயைப் பற்றி ஆரிட்டைச் சொல்லுறது?

கொமிற்றிக் கூட்டம் வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, கீழே வாகனம் நிற்பாட்டுகிற இடத்தில். ஜிம்மியின் ஊசிப் புத்தகத்தைத் தம்பி பிரதி எடுத்து வைத்திருக்கிறான். தோழி, ஒழுங்கு விதிகளை மூன்று மொழியிலும் தானே எழுதிக் கொண்டு போகிறாள். மூன்றாம் மாடிச் சிங்களக் குடும்பம் தங்கட பக்கத்து ஆதரவைச் சொல்லிவிட்டது. தமிழ் வீடுகளில் ஏழு பேர் "பாப்பம்" என்றிருக்கிறார்கள்.

அம்மம்மாவும் வரப்போறாவாம். "அண்டைக்குக் கேக்க ஆளில்லை. இவையிட்டையாவது கேப்பம்" எண்டு சொல்லிக் கதிரை ஒண்டு இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறா. காலமை வழமைபோல கடற்கரை. வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிறவர்கள் ஐந்தே முக்காலுக்கு வாருங்கோ, நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.